சாலை வரும் பின்னே, நோட்டீஸ் வரும் முன்னே

ஸ்ரீரங்கப்பட்டணம் வழியே போகும் பெரிய ரோடு சொல்லும் பாடம்

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் பஸ்ஸில், ஸ்ரீரங்கப்பட்டணம் வந்துவிட்டது என்று முன்பெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. கோட்டைச் சுவர் தென்படும். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கண் விழிப்பார்கள். ஜன்னல் ஓரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெரியவர்கள் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஸ்ரீரங்கத்தில் இருப்பவர் அந்திய ரங்கர் என்றால், இங்கே பள்ளி கொண்டிருப்பவர் ஆதி ரங்கர் என்பது ஐதீகம். இந்தத் தீவைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் மேட்டூருக்கும் போகிறது.

இப்போது நிலைமை வேறு. 2023ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி மண்டியா மாவட்டத்தில் பிரதமர் திறந்து வைத்த பெங்களூர்-மைசூர் நெடுஞ்சாலை, ஊருக்குள் நுழையாமல் புறவழியாகவே போய்விடுகிறது. சுமார் 118 கிலோமீட்டர் நீளம். செலவு ஏறக்குறைய 8,480 கோடி ரூபாய். நடுவில் ஆறு தடங்கள், இரு ஓரத்திலும் இரண்டிரண்டு தடங்களாகச் சர்வீஸ் ரோடு. மூன்று மணி நேரப் பயணம் ஒன்றேகால் மணி நேரமாகக் குறையும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பிடதி, ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய எல்லா ஊர்களையும் ஒதுக்கிவிட்டே வண்டிகள் பறக்கின்றன.

காரில் போகிறவர்களின் கண்ணுக்குத் தார் ரோடு தெரிகிறது. அந்தத் தாருக்கு அடியில் கரும்புக் கொல்லையும், நெல் வயலும், தென்னந்தோப்பும், வீட்டு வாசலும் இருந்தது தெரிவதில்லை. ரோடு போட முதலில் வேண்டியது ஜல்லியும் தாரும் அல்ல, நிலம். அந்த நிலம் யாருடையது என்பதைச் சர்க்கார் முகத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. காகிதத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. காகிதத்தில் பெயர் இருப்பவருக்கு நஷ்ட ஈடு, இல்லாதவருக்கு அலைச்சல். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்திருக்கும் தமிழர்கள் வேறு யாரையும்விட அதிகமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

இடம் பெயர்ந்த ஊர்

நிலத்தை விட்டுக் கொடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அருகிலுள்ள கிருஷ்ணராஜ சாகர் அணைக்கட்டு வேலை 1911இல் தொடங்கியது. நீர்த்தேக்கத்தில் பழைய கண்ணம்பாடி கிராமம் மூழ்கிற்று. அங்கிருந்த வேணுகோபால சுவாமி கோயிலும் தண்ணீருக்குள் போயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின்னர் கோயிலின் கற்களைப் பெயர்த்தெடுத்து மேட்டு நிலத்தில் திரும்பக் கட்டினார்கள். இன்று அங்கே போகிறவர்கள் புதிய கண்ணம்பாடி என்ற பெயரைக் கேட்கலாம்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலேயே இன்னொரு காட்சியை 2017இல் ஊரே திரண்டு பார்த்தது. பெங்களூர்-மைசூர் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கும் வேலைக்குத் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று குறுக்கே நின்றது. பழங்காலச் சின்னம் என்பதால் இடிக்க வழியில்லை. ஆகவே அந்தச் செங்கல் கட்டடத்தை அடியோடு பெயர்த்து, இரும்புச் சட்டங்களின் மேல் நிறுத்தி, அப்படியே நகர்த்திக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள். அதற்காக வெளிநாட்டு நிபுணர்களும் வந்தார்கள்.

கல்லுக்கும் செங்கல்லுக்கும் இந்த மரியாதை கிடைத்ததற்குக் காரணம், அவை இன்னவை என்று ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டிருந்ததுதான். சாமானியனின் ஓட்டு வீட்டை யாரும் சட்டம் கட்டி நகர்த்தப் போவதில்லை. அவனுக்குக் கிடைக்கக்கூடியது பணம் ஒன்றே. அந்தப் பணமும் பதிவேட்டைப் பார்த்தே வரும்.

சட்டம் போகும் வழி

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின்படி நடக்கிறது. அதன் படிகளைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் வாயைத் திறக்கலாம், எந்த இடத்துக்குப் பின் திறந்து பயனில்லை என்பது விளங்கும்.

முதல் படி, 3-ஏ பிரிவு. இன்னின்ன சர்வே எண்களில் இவ்வளவு நிலத்தை எடுக்க உத்தேசம் என்று மத்திய அரசாங்கம் கெஜட்டில் அறிவிக்கிறது. அதன் சாரத்தை இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் வெளியிட வேண்டும்; அவற்றில் ஒன்று அந்த ஊர் மொழியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது படி, 3-சி பிரிவு. அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள், நிலத்தில் உரிமையுள்ள எவரும் எழுத்து மூலம் ஆட்சேபணை கொடுக்கலாம். அதிகாரி அவரை நேரில் கேட்ட பின்பே முடிவு சொல்ல வேண்டும்.

மூன்றாவது படி, 3-டி பிரிவு. இதுதான் கத்தி. ஆட்சேபணைகளைத் தள்ளிவிட்டு இந்தப் பிரிவின்படி கெஜட்டில் பிரகடனம் வந்த அந்த நாளிலேயே நிலம் மத்திய அரசாங்கத்துக்குச் சொந்தமாகிவிடுகிறது. கையில் ஒரு பைசா வந்திருக்க வேண்டுமென்பதில்லை. சர்க்காருக்கும் இதில் ஒரு கெடு உண்டு. 3-ஏ அறிவிப்பிலிருந்து ஒரு வருஷத்துக்குள் பிரகடனம் செய்யாவிட்டால் அறிவிப்பு செல்லாமல் போய்விடும். கோர்ட்டுத் தடை இருந்த நாட்களை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

பிறகு 3-ஜி பிரிவின்படி மறுபடியும் பத்திரிகை அறிவிப்பு கொடுத்து, யாருக்கு என்ன உரிமை என்று கேட்டு, தொகையை நிர்ணயிப்பார்கள். தொகையை அதிகாரியிடம் கட்டிய பிறகே நிலத்தைக் கையில் எடுக்க முடியும். அதற்கும் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். தொகை போதாது என்று நினைப்பவர், மத்திய அரசாங்கம் நியமிக்கும் நடுவரிடம் மனுச் செய்யலாம். நடுவர் கூட்டிக் கொடுத்தால், கூடுதல் தொகைக்கு நிலத்தைக் கையகப்படுத்திய நாள் முதல் 9 சதவீத வட்டி உண்டு.

21 நாளில் யார் வந்து சேர்வது?

சட்டம் வகுத்த வழி காகிதத்தில் நேராகத்தான் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது நேராக இருப்பதில்லை.

மைசூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் வட்டாரங்களில் உழைக்கும் தமிழர்களில் பலருக்குச் சொந்த நிலம் இருப்பது சேலத்திலோ தர்மபுரியிலோ திருவண்ணாமலையிலோதான். உதாரணத்துக்கு, ஒரு குடும்பத்தில் அரை ஏக்கர் மேட்டு நிலம், ஒரு கிணறு, நாலு புளியமரம். பட்டா தாத்தா பெயரில். தாத்தா போய் முப்பது வருஷம், அப்பா போய் பத்து வருஷம். பிள்ளைகள் மூவரில் ஒருவர் மட்டும் ஊரில். ஒருவர் மைசூரில் கடையில் கணக்கெழுதுகிறார். ஒருவர் பெங்களூரில் கட்டட வேலை. ‘ஊரில் அண்ணன் இருக்கிறாரே, பார்த்துக்கொள்வார்’ என்று மற்ற இருவரும் இருந்துவிடுகிறார்கள்.

இந்த நிலத்தின் மேல் ரோடு வந்தால் கெஜட்டில் தாத்தாவின் பெயர்தான் வரும். 21 நாள் தாத்தாவுக்குக் கொடுக்கப்பட்ட கெடு! நோட்டீஸ் ஊர் விலாசத்துக்குப் போகும். மைசூரில் இருப்பவருக்குச் செய்தி தெரிவது பொங்கலுக்கோ பண்டிகைக்கோ ஊருக்குப் போகும்போதுதான். அதற்குள் மஞ்சள் பூசிய எல்லைக் கல் வரப்பில் நட்டிருக்கும்.

கர்நாடகத்தில் நிலமோ மனையோ வாங்கி வேரூன்றிவிட்ட தமிழர்களுக்குச் சிக்கல் வேறு விதம். உள்ளூர்ப் பத்திரிகை என்று சட்டம் சொல்வது இங்கே கன்னடப் பத்திரிகையை. நோட்டீஸும் கன்னடத்தில்தான் வரும். படிக்கத் தெரியாத காகிதத்தை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, கெடு முடிந்த பிறகு வெளியே எடுத்துப் பிரயோஜனம் இல்லை. பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடம் கொடுத்தாவது அன்றைக்கே படிக்கச் சொல்லிக் கேட்பதுதான் புத்திசாலித்தனம்.

சேலத்து உழவர்கள் காத்துக்கொண்ட பெயர்

பெயர் எவ்வளவு முக்கியம் என்பதைச் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலை வழக்கு காட்டிற்று. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வழியே 277 கிலோமீட்டர் தூரத்துக்குத் திட்டமிடப்பட்ட சாலை அது. 2018இல் நிலமெடுப்பு அறிவிப்புகள் வந்ததும் உழவர்கள் கொதித்தெழுந்தார்கள். கல் நட வந்தவர்களின் காலில் விழுந்து அழுத பெண்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை ஹைகோர்ட்டு அந்த அறிவிப்புகளை ரத்துச் செய்தது. 2020 டிசம்பர் 8ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை மாற்றி, 3-ஏ அறிவிப்பு செல்லும் என்றது. ஆனால் உழவர் பக்கம் ஒரு விஷயத்தில் நியாயம் நிலைத்தது. வெறும் 3-ஏ அறிவிப்பை வைத்துக்கொண்டு வருவாய்த்துறைப் பதிவேட்டில் உடையவர்களின் பெயரை மாற்றியது தவறு, பழையபடி அவர்கள் பெயருக்கே திருப்ப வேண்டும் என்பதைச் சுப்ரீம் கோர்ட்டும் ஏற்றுக்கொண்டது. உத்தேசம் வேறு, உடைமை வேறு. 3-டி பிரகடனம் வரும் வரை நிலம் உடையவருடையதே என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

நஷ்ட ஈட்டுக் கணக்கு

தேசிய நெடுஞ்சாலைக்கு எடுக்கும் நிலத்துக்கு 2015ஆம் ஆண்டிலிருந்து, 2013ஆம் வருஷ நிலமெடுப்புச் சட்டத்தின் கணக்குப்படியே நஷ்ட ஈடு தர வேண்டும். கணக்கு கஷ்டமானதல்ல. குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் சந்தை மதிப்பு. சர்க்கார் நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி நிலங்கள் கடந்த மூன்று வருஷங்களில் கிரயமான பத்திரங்களில், விலை அதிகமுள்ள பாதிப் பத்திரங்களின் சராசரி இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பு. கிராமப்புறமானால் அதை ஒன்றிலிருந்து இரண்டு வரை ஏதாவதொரு எண்ணால் பெருக்க வேண்டும். எந்த எண் என்பதை, நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து மாநில அரசாங்கம் முடிவு செய்கிறது. கிணறு, மரம், கட்டடம் இவற்றின் மதிப்பைக் கூட்ட வேண்டும். வந்த மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு ஆறுதல் தொகை. இவை தவிர, சந்தை மதிப்பின் மேல் வருஷத்துக்கு 12 சதவீதமும் உண்டு.

சந்தை மதிப்பு 10 லட்சம், பெருக்கும் எண் ஒன்றரை என்று வைத்துக்கொண்டால் 15 லட்சம். கிணறும் மரமும் ஒரு லட்சம் என்றால் 16 லட்சம். ஆறுதல் தொகை இன்னொரு 16 லட்சம். ஆக 32 லட்சம். கணக்கு விளங்குவதற்காகச் சொன்ன எண்கள்தான் இவை.

இதே கணக்கில் ஒரு முள் இருக்கிறது. முத்திரைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, பத்திரத்தில் விலையைப் பாதியாகக் காட்டுவது ஊர் வழக்கம். அதே நிலத்தின் மதிப்பு பத்திரங்களில் 5 லட்சம் என்றே இருந்து, வழிகாட்டி மதிப்பும் அதற்கு மேல் போகாவிட்டால் என்ன ஆகும்? ஏழரை லட்சம், கிணறும் மரமும் சேர்த்து எட்டரை லட்சம், ஆறுதல் தொகையோடு 17 லட்சம். கட்டணத்தில் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்த ஊர், நஷ்ட ஈட்டில் பதினைந்து லட்சத்தைத் தொலைக்கிறது. விற்றவரும் வாங்கியவரும் செய்த காரியத்துக்கு அக்கம்பக்கத்து நிலக்காரர்களும் சேர்ந்து தண்டம் கட்ட வேண்டியதாகிறது.

2015க்கு முன் நெடுஞ்சாலைக்கு நிலம் இழந்தவர்கள் கதையும் உண்டு. 1997ஆம் வருஷத் திருத்தம் ஒன்றினால் அவர்களுக்கு ஆறுதல் தொகை கிடையாது என்றாகியிருந்தது. ரயிலுக்கு நிலம் கொடுத்தவனுக்கு ஒரு நீதி, ரோட்டுக்குக் கொடுத்தவனுக்கு ஒரு நீதியா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. அந்த வேற்றுமை செல்லாது என்று 2019 செப்டம்பர் 19ஆம் தேதி தீர்ப்பு வந்தது. இனி எடுக்கும் நிலத்துக்கு மட்டுமே அது பொருந்த வேண்டும் என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்டுக்கொண்டதை 2025 பிப்ரவரி 4ஆம் தேதி கோர்ட்டு நிராகரித்துவிட்டது.

ரோடு வராமலே போன நிலம்

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே திட்டமிட்ட பெரிய ரோடு இது ஒன்றல்ல. இதற்கு முன்பே 1995இல் ஓர் ஒப்பந்தப் பேச்சு தொடங்கி, 1997 ஏப்ரல் 3ஆம் தேதி கர்நாடக அரசாங்கமும் ஒரு தனியார் நிறுவனமும் கையெழுத்திட்டன. 111 கிலோமீட்டர் விரைவுச் சாலை, வழியில் ஐந்து புதிய நகரங்கள். இதற்கென்று ஒப்பந்தத்தில் கண்ட நிலம் 20,193 ஏக்கர். நிலத்தை எடுத்துக் கொடுக்கும் வேலை கர்நாடகத் தொழிற்பேட்டை வாரியத்துடையது. வழக்குக்கு மேல் வழக்காகி, 2006இல் சுப்ரீம் கோர்ட்டு திட்டத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பெங்களூரைச் சுற்றியுள்ள சாலை வந்தது. மைசூர் வரையிலான சாலை வந்து சேரவில்லை.

அந்தத் திட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களில், பெங்களூர் தெற்கு தாலுகாவில் 1995க்கும் 1997க்கும் இடையில் வீட்டு மனை வாங்கிய சிலர் உண்டு. ஜமீன்தார்கள் அல்ல, வீடு கட்டிக்கொள்ள மனை வாங்கியவர்கள். 2003இல் நிலமெடுப்பு அறிவிப்பு. 2005இல் மனை கையை விட்டுப் போயிற்று. நஷ்ட ஈட்டு உத்தரவோ வரவில்லை. கோர்ட்டு அவமதிப்பு வழக்குத் தொடுத்த பிறகு, 2019 ஏப்ரல் 22ஆம் தேதிதான் உத்தரவு வந்தது. அதுவும் 2011ஆம் ஆண்டு வழிகாட்டி மதிப்பை வைத்து.

2025 ஜனவரி 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு இந்த வழக்கில் தீர்ப்பளித்தது. உடையவர்கள் பேரில் எந்தத் தவறும் இல்லை, தாமதம் முழுக்க அதிகாரிகளுடையது என்று கண்டது. பணத்தின் மதிப்பு வருஷா வருஷம் தேய்கிறது. 2003இல் வாங்கியதை அதே தொகையில் 2025இல் வாங்க முடியாது என்பதை எடுத்துக்காட்டிற்று. 2019 ஏப்ரல் 22ஆம் தேதியில் இருந்த சந்தை மதிப்பைக் கொண்டு இரண்டு மாதத்துக்குள் புதிய உத்தரவு போடும்படி ஆணையிட்டது. நியாயம் கிடைத்தது, ஆனால் 22 வருஷம் ஆயிற்று.

இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் அரசியல் சட்டத்தின் 300-ஏ பிரிவு. சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமையாக இருந்தது. 1978இல் செய்த 44ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கி, சட்டப்படி அல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்ற 300-ஏ பிரிவைச் சேர்த்தது. ஒற்றை வரிதானே என்று பலரும் அதைச் சாதாரணமாக நினைத்தார்கள். கல்கத்தா மாநகராட்சி ஒருவருடைய இடத்தை எடுத்துக்கொண்ட வழக்கில் 2024 மே 16ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த ஒற்றை வரியை விரித்துச் சொன்னது. நோட்டீஸ் தர வேண்டும். ஆட்சேபணையைக் கேட்க வேண்டும். காரணம் காட்டி முடிவு சொல்ல வேண்டும். பொதுக் காரியமாக இருக்க வேண்டும். நியாயமான நஷ்ட ஈடு தர வேண்டும். தாமதமின்றி நடத்த வேண்டும். முறைப்படி முடிக்க வேண்டும். மத்திய அரசாங்கமானாலும் முனிசிபாலிட்டியானாலும் இந்த ஏழும் பொருந்தும்.

நிலமே இல்லாதவர்கள்

பதிவேட்டில் ஏறவே வழியில்லாதவர்களும் உண்டு. பிறர் வயலில் கரும்பு வெட்டியவர், குத்தகைக்கு உழுதவர், ரோட்டோரம் வாடகைக் கடையில் டீ போட்டவர் இவர்களெல்லாம் எந்த சர்வே எண்ணில் இருக்கிறார்கள்?

2013ஆம் வருஷச் சட்டம் இவர்களை முற்றிலும் மறந்துவிடவில்லை. எடுக்கப்படும் இடத்தில் மூன்று வருஷமாக உழைத்து, அதுவே முக்கியமான பிழைப்பாக உள்ள விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்கிறது. இடம் பெயர நேர்ந்த குடும்பத்துக்கு ஒரு வருஷம் மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிப் போக 50,000 ரூபாய், ஒரு முறை குடியமர்வுத் தொகை 50,000 ரூபாய் என்று அட்டவணையே இருக்கிறது. 2015 செப்டம்பரிலிருந்து அந்த அட்டவணை நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். ஆனால் மூன்று வருஷம் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி? ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கரண்ட் பில், வாடகை ரசீது இவையே சாட்சி. ‘ஊர்க் கார்டு ஊரிலேயே இருக்கட்டும்’ என்று இங்கே எந்தக் காகிதமும் இல்லாமல் பத்து வருஷம் இருந்துவிட்டவர் அந்த நேரத்தில் தவித்துப் போகிறார்.

நிலமும் போகாமல் பிழைப்பு மட்டும் போனவர்களுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. புறவழிச் சாலை வந்த பிறகு, சன்னபட்டணத்து மரப் பொம்மைக் கடைகளும் மத்தூர் வடைக் கடைகளும் பழைய ரோட்டில் அப்படியே நிற்கின்றன. நின்று வாங்கிப் போகும் வண்டிகள் குறைந்துவிட்டன. கடையை யாரும் எடுக்கவில்லை, ஆகவே நஷ்ட ஈடு கிடையாது. வாடிக்கையாளருக்குச் சர்வே எண் ஏது?

போதாக்குறைக்கு, 2023 ஆகஸ்ட் 1ஆம் தேதியிலிருந்து இந்த நெடுஞ்சாலையின் நடுத் தடங்களில் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர் எதுவும் போகக் கூடாது. விபத்துக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு அது. என்றாலும் நிலத்தைக் கொடுத்த உழவரின் டிராக்டருக்கும், வேலைக்குப் போகும் தொழிலாளியின் மோட்டார் சைக்கிளுக்கும் ஓரத்து ரோடுதான் கதி.

மறுபடியும் ஒரு ரோடு

2023 மார்ச் 12ஆம் தேதி இந்தச் சாலையைத் திறந்த அதே விழாவில் மைசூர்-குஷால்நகர் நான்கு வழிச் சாலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. 92 கிலோமீட்டர், சுமார் 4,130 கோடி ரூபாய். ஸ்ரீரங்கப்பட்டணம் அருகிலிருந்து மேற்கே குடகுச் சீமைக்குப் போகும் ரோடு அது. பெங்களூர்-சென்னை விரைவுச் சாலையோ தங்கவயல் பக்கத்திலிருந்து ஆந்திரத்துக்குள் நுழைந்து, அதன் பிறகே தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது. சர்வே சங்கிலி எந்தப் பக்கம் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

அது வருவதற்கு முன்பு செய்துகொள்ள வேண்டிய காரியங்கள் சிலவே. தமிழ்நாட்டில் நிலமிருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவை உயிரோடு இருப்பவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கூட்டுப் பட்டாவானால் எல்லாருடைய பெயரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் நிலமிருந்தால் பஹணியில் பெயர் ஏறியிருக்க வேண்டும். தகப்பனார் காலமாகியிருந்தால் பௌதி காத்தா செய்துகொள்ள வேண்டும். இரண்டு மாநிலங்களிலும் இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ள வசதி இருக்கிறது. அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

அளக்க வரும் நாளில் குடும்பத்தில் ஒருவராவது நிலத்தில் நிற்க வேண்டும். கிணறு, போர், பைப், மாட்டுக் கொட்டகை, ஒவ்வொரு மரம் என்று எல்லாம் குறிப்பில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். குறிப்பில் ஏறாத தென்னைக்கு நஷ்ட ஈடு இல்லை. தொகை குறைவு என்று தோன்றினால் ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு நடுவரிடம் போவது நல்லது. அண்ணன் தம்பிகளுக்குள் பங்குத் தகராறு என்றால் அது சிவில் கோர்ட்டுக்குப் போய்விடும். அதுவரை யாருக்கும் பணம் கைக்கு வராது. வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் தாலுகா சட்ட உதவிக் குழுவை நாடலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்கள், ஆலைத் தொழிலாளர், வருமானம் குறைந்தவர் ஆகியோருக்கு 1987ஆம் வருஷச் சட்டப்படி இலவச உதவி உண்டு.

ரோடு வேண்டாமென்று சொல்வதற்கில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டியும், மார்க்கெட்டுக்குப் போகும் காய்கறியும், பண்டிகைக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸும் அதில்தான் போகின்றன. ஊருக்காக நிலத்தைக் கொடுத்தவன் தன் நியாயமான பங்குக்காகக் கச்சேரி வாசலில் தாத்தாவின் பட்டாவை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் விஷயம்.

திப்புவின் ஆயுதக் கிடங்கு இன்றைக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் புது இடத்தில் பத்திரமாக நிற்கிறது. அதற்காகப் பேச ஒரு பதிவேடு இருந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, இனிப்புப் பொட்டலம் வாங்கும் கையோடு, வீட்டுப் பெட்டியில் இருக்கும் பட்டாவையும் ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு வருவது நல்லது. அதில் இருப்பது யார் பெயர்?